சகாயநாதன் தானே சொன்னது

ஞாயிறு பூசை முடிந்ததும் மகள் அனிஷாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ரோசரி அதற்கு முன்பிருந்தே கணவனைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை பேரு என்னங்க?"

"ஆசீர்."

"அவங்க அம்மா?"

சகாயநாதன் சன்னல் பக்கம் பார்த்தார். "நீ சொன்ன. இரு... ஜெசிந்தா."

"அவ்வளவுதான். மத்ததெல்லாம் நான் பேசிக்கிறேன்."

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன வருடம் பேச்சின் நடுவே வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. கேட்டதையே திரும்பக் கேட்டார். முழு மறதி நோய் இல்லை, அதற்கு முந்தைய லேசான நிலை என்றார் டாக்டர். சிலருக்குக் கூடும், சிலருக்கு அப்படியே நிற்கும். ரோசரி இதை மகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சொந்தத் தங்கையிடம்கூட. கோயிலில் யாராவது அவரிடம் பேச வந்தால் முந்திக்கொண்டு அவளே பதில் சொன்னாள். அவரைத் தனியே விட்டு எங்கும் போவதில்லை. கே.கே. நகரில் அவர்கள் வீட்டுக்கு ஆள் வருவதே குறைந்துபோயிற்று.

ஆசீரும் அவன் அம்மாவும் பாலக்கரையிலிருந்து வந்தார்கள். ஜெசிந்தா கணவனை இழந்தவர், பள்ளி ஆசிரியை.

"அண்ணன் ஸ்ரீரங்கத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்தீங்களாமே?"

"ஆமாங்க, ரிட்டயர் ஆனதே அங்கதான்," என்றாள் ரோசரி.

"இப்பப் பொழுது எப்படிப் போகுது?"

"காலைல வாக்கிங் போவாங்க. அப்புறம் பேப்பர்..."

"ரோசரி, கொஞ்சம் இரு," என்றார் சகாயநாதன். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் குறைய ஆரம்பிச்சிருக்குங்க. டாக்டரைப் பாத்துட்டுதான் இருக்கோம். ஸ்ரீரங்கத்துல எந்த வீதில எந்த டிரான்ஸ்பார்மர்னு இப்பவும் சொல்லுவேன். காலைல சாப்பிட்டது இட்லியா தோசையான்னு கேட்டா தடுமாறுவேன். உங்க பேரையே மனப்பாடம் பண்ணிட்டுதான் உக்காந்திருக்கேன். பொண்ணு குடுக்குற இடத்துல மறைக்கக் கூடாது."

ரோசரி தலை குனிந்தாள். அனிஷா காபித் தட்டை வைத்துவிட்டு அப்பாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"இது பரம்பரையா வருமா?" ஜெசிந்தா நேராகவே கேட்டார்.

"கண்டிப்பா வரும்னு இல்லைன்னு டாக்டர் சொன்னார் ஆன்ட்டி," என்றாள் அனிஷா. "வரவே வராதுன்னும் சொல்ல முடியாதாம்."

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அவர்கள் புறப்பட்டார்கள்.

கேட்டைச் சாத்தியதும் ரோசரி கேட்டாள். "ஏங்க சொன்னீங்க?"

"எத்தனை நாளைக்கு எனக்கும் சேத்து நீயே பேசுவ? பாக்கவே கஷ்டமா இருக்கு."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது மானம் போனதற்காகவா, பாரம் இறங்கியதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை ஜெசிந்தா போன் செய்தார்.

"பையனுக்குச் சம்மதம். எனக்கும்தான். யோசிக்காம இல்ல, யோசிச்சுதான் சொல்றேன். கல்யாணத்தை மட்டும் தள்ளிப் போட வேணாம். அண்ணன் எல்லாத்தையும் முன்ன நின்னு நடத்தட்டும்."

ரோசரி நன்றி சொன்னாள்.

"நீங்க எப்பங்க ஓய்வெடுப்பீங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா. இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் ஆசீர் வண்டியில் வந்து சகாயநாதனை முடிவெட்ட அழைத்துப்போனான். வாசலில் நின்று ரோசரி ஏதேதோ சொல்லத் தொடங்கினாள்.

"என்ன வேணும்னு மாமாவே சொல்லிடுவாங்க அத்தை," என்றான் அவன்.

கொஞ்சம் சாயலாம் என்று படுத்தவள், கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கூடத்தில் சகாயநாதனும் ஆசீரும் அனிஷாவும் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். சகாயநாதன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்து ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார். எடுத்துக் கொடுக்க ரோசரி வாய் திறந்தாள். பிறகு பேசாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவர் வேறொரு வார்த்தையைப் போட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.