ஒடிய வேண்டிய கோடு

அலுவலகத்தில் அவனுக்கு பிரேக் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சோதனைகளை "ஆபத்து" என்று சொல்லி இரண்டு முறை நிறுத்தியவன். முதல் முறை அவன் கணக்கிலேயே ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. இரண்டாம் முறை அதுகூட இல்லை, வெறும் பயம். மூன்றாவது முறை நிறுத்தினால் கிடங்கில் உட்கார்ந்து போல்ட் எண்ண வேண்டியதுதான் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொல்வதை மட்டும் தவறாமல் செய்பவர் அவர்.

அன்று காலை ஆறு மணிக்கே கீழ்க்கூடத்தில் புதுக் கலனை முதல் முறையாகச் சூடேற்றத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு ஆள் உயர எஃகு உருளை. உள்ளே நெருப்பும் அழுத்தமேற்றிய வாயுவும். சூடு எஃகைத் தொடாமலிருக்க உட்புறம் செங்கல் சுவர். முந்நூற்றைம்பது டிகிரியைத் தாண்டினால் அந்த எஃகு வலுவிழக்கும். வலுவிழந்த எஃகை அழுத்தம் என்ன செய்யும் என்பதை அவன் கனவிலேயே பலமுறை பார்த்திருக்கிறான். முந்நூற்றுப் பத்துக்கு மேல் போகாது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவனும் அவனே. கலன் பக்கத்தில் நின்று சோதனையை நடத்துபவள் அவனுடைய அக்கா.

பத்தேகால் மணிக்கு, வேறு வேலை இல்லாததால், மாடியில் கணினித் திரையில் தன்னுடைய வரைபடத்தையே ரசித்துக்கொண்டிருந்தான். சுவருக்குள் வெப்பம் இறங்கிவரும் கோடு, உள்ளிருந்து வெளியே, வழவழவென்று வளைந்து வந்தது. அவன் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு வழவழப்பாக அமைந்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று திரையருகே குனிந்தான். இது இவ்வளவு அழகாக இருக்கக் கூடாதே.

சுவர் வழியாக வெப்பம் பரவுவதற்கு ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு உண்டு. சும்மா காகிதத்தில் தீர்த்துவிட முடியாத சமன்பாடு. அதனால் விடையைச் சின்னச் சின்ன வளைவுத் துண்டுகளால் தைத்து எடுப்பார்கள். அதுதான் ஸ்ப்ளைன். துண்டும் துண்டும் சேரும் இடம் முடிச்சு. சாதாரணமாக முடிச்சில் தையலே தெரியாது. கோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் செங்கல் முடிந்து எஃகு தொடங்கும் இடத்தில் வழுக்கக் கூடாது. செங்கல்லில் செங்குத்தாக விழுந்துவரும் கோடு எஃகில் ஏறக்குறையப் படுத்துவிடும். நடுவில் ஒடிந்துதான் ஆக வேண்டும். ஒடிய விடுவதற்கு, அந்த ஒரே இடத்தில் மூன்று முடிச்சுகளை அடுக்க வேண்டும்.

அடுக்கித்தான் இருந்தான். பழைய வடிவமைப்பின்படி. போன மாதம் செங்கல்லின் தடிமனை இரண்டு சென்டிமீட்டர் குறைத்தார்கள். எல்லா எண்களையும் மாற்றியவன் முடிச்சுகளை நகர்த்த மறந்துவிட்டான். மூன்றும் எஃகின் நடுவயிற்றில், ஒன்றுமே நடக்காத இடத்தில், காவலுக்கு நின்றன. ஒடிய வேண்டிய இடத்தில் ஸ்ப்ளைன் பூசி மெழுகிவிட்டது. முந்நூற்றுப் பத்து என்ற எண்ணை இனி நம்ப முடியாது.

முடிச்சுகளை நகர்த்திக் கணக்கை மறுபடி ஓடவிட்டான். முடிய நாற்பது நிமிடம் என்றது கணினி. காத்திருந்தால் கையில் ஓர் எண்ணோடு போகலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். கீழே நெருப்பும் நாற்பது நிமிடம் கூடுதலாக எரியும். கூடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. கூப்பிட்டும் சொல்ல முடியாது. யோசித்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று நினைத்தபோது அவன் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தான்.

"வந்துட்டாருப்பா பிரேக்," என்றாள் அக்கா, அங்கிருந்த ஏழெட்டுப் பேர் காதிலும் விழும்படி. "என்னடா, மறுபடியும் புள்ளி தொலைஞ்சுபோச்சா?"

"நெருப்ப அணைச்சிடுக்கா."

"எவ்வளவு வருதுன்னு சொல்லு, அணைக்கிறேன்."

"இன்னும் வரல. கணக்கு ஓடிட்டிருக்கு."

"வராத நம்பருக்கா அணைக்கச் சொல்ற? இங்க பாரு, எஃகுல இருநூத்தி எழுபதுதான் காட்டுது. உன் நெத்தி இதைவிடச் சூடா இருக்கும் போல."

யாரோ சிரித்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா," என்றான். "தப்பா இருக்குமோன்னு சொல்ல வரல. தப்பேதான். நான்தான் பண்ணேன்."

முன்பு இரண்டு முறையும் அவன் இப்படிச் சொன்னதில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பி எரிவாயுவை மூடினாள்.

"மேலாளர்கிட்ட நீயே சொல்லிக்க."

நெருப்பு அணைந்தது. வெப்பமானியின் முள் இருநூற்று எழுபத்தைந்துக்குப் போனது. பிறகு எண்பது. பிறகு தொண்ணூறு.

"அணைச்சாச்சேடா," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "ஏன் ஏறுது?"

"செங்கல்லுக்குள்ள இருக்கிற சூடு. அது இப்பதான் வெளிய வருது."

"எது வரைக்கும் போகும்?"

"தெரியல."

அவள் மற்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் வெளிய போங்க," என்றாள். போனார்கள். அவள் போக முடியாது. வாயுவை வெளியேற்றும் வால்வின் நெம்புகோலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் அது திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பாதுகாப்புக்காக யாரோ புத்திசாலி செய்துவைத்த ஏற்பாடு.

அவள் அழுத்தினாள். வாயு சீறியது. அழுத்தமானி பன்னிரண்டிலிருந்து மனசில்லாமல் இறங்கத் தொடங்கியது.

"நீயும் போடா."

"கால் வரலக்கா."

அது உண்மை. வீரம் என்று பின்னாளில் யாராவது சொல்லியிருந்தால் அவனே மறுத்திருப்பான். கதவு வரை நடப்பதைவிட அவள் பக்கம் இரண்டடி வைப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். நெம்புகோலில் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினான். இருவருடைய கையும் வேர்வையில் வழுக்கியது.

ஒரு முள் இறங்கியது, ஒரு முள் ஏறியது. அழுத்தம் எட்டு, சூடு முந்நூற்றெட்டு. கலனின் உள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"செங்கல்தான்," என்றான் அவன். அவனுக்கும் தெரியாது.

நான்கு, முந்நூற்று இருபத்தாறு. இரண்டு, முந்நூற்று நாற்பது. அவன் மூச்சு விடுவதைக்கூடத் தள்ளிப்போட்டான். ஒன்று, முந்நூற்று நாற்பத்தேழு. சீறல் முனகலாகி நின்றபோது அழுத்தமானி பூஜ்யத்தில் படுத்திருந்தது. வெப்பமானி முந்நூற்று ஐம்பத்திரண்டைக் காட்டியது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இனி அது எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். உள்ளே உதைக்க ஒன்றுமில்லை. வெறும் சூடான இரும்புப் பாத்திரம்.

அக்காவின் விரல்களை நெம்புகோலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அவன் மாடி ஏறியபோது பின்னாலேயே வந்தாள். அவனுடைய அறைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. கணக்கு முடிந்திருந்தது. திரையில் கோடு, செங்கல்லும் எஃகும் சேரும் இடத்தில், முழங்கை போல அசிங்கமாக ஒடிந்து நின்றது.

"அணைக்காம விட்டிருந்தா?" என்றாள்.

அவன் பன்னிரண்டு மணிக்கான வரியை விரலால் காட்டினான். நானூற்று முப்பத்தொன்று. முழு அழுத்தத்தில்.

அவள் அதை வெகுநேரம் படித்தாள், நீளமான கடிதத்தைப் படிப்பதுபோல. பிறகு அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினான்.