நூற்றுக்கு முப்பத்தெட்டு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அக்காதான். "கண்டவங்களைப் பத்தியெல்லாம் எழுதுற, அந்தச் சோயா விஷயத்தை மட்டும் ஏன்டி எழுத மாட்டேங்குற?" என்று போனில் கேட்டாள். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நேரமில்லை என்றேன்.

தொடக்கங்கள்:

சோயா விதை வழியே பரவும் பூஞ்சை நோய்கள் பல வகை— (பாடப்புத்தகம். வேண்டாம்.)

அறுவடை நேரத்தில் பெய்த அந்த மழை எங்கள் இருவரையும்— (மழை பாவம். எல்லாப் பழியும் அதன் தலையில்தானா?)

நான் அப்போது விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். (சரி, இது இருக்கட்டும்.)

2

அந்த அறையை இப்போது நினைத்தாலும் நனைந்த தாளின் வாசனைதான் முதலில் வருகிறது. மை உறிஞ்சும் தாளை வட்டமாக வெட்டி, ஈரப்படுத்தி, கண்ணாடித் தட்டில் விரித்து, தட்டுக்குப் பத்து விதை வைப்பேன். ஒரு மாதிரிக்கு நாற்பது தட்டு. ஏழாம் நாள் ஒவ்வொரு விதையையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அலுக்கவே அலுக்காத வேலை. (அல்லது அலுத்ததை மறந்துவிட்டேன்.)

அத்தான் தவறிப்போன பிறகு அக்கா தனியாக எடுத்த முதல் விளைச்சல் அது. சுற்றியிருந்த ஏழு குடும்பங்கள் அவளிடம் விதை கேட்டிருந்தன. காய் முற்றிய பிறகு பத்து நாள் மழை. ஊதாக் கறை படிந்த விதைகளையெல்லாம் நாலு நாள் உட்கார்ந்து பொறுக்கி எறிந்துவிட்டு, முத்து முத்தான மீதியைப் பரிசோதனைக்கு என்னிடம் கொண்டுவந்தாள்.

ஏழாம் நாள் நூற்றுக்கு முப்பத்தெட்டு விதைகளில் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது.

3

"கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு?"

"உள்ள இருக்குக்கா."

"ஒரு வருஷம் மூட்டையில கிடந்தா பூஞ்சை செத்துடும்னு சொல்றாங்களே?"

"விதையும் சேர்ந்து செத்துடும்."

ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த முப்பத்தெட்டைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா உன் குடியா முழுகிடும்?"

"ஏழு வீட்டு நிலத்துக்கும் போயிடும்க்கா."

'தகுதியில்லை' என்று எழுதினேன்.

(இங்கே கதைசொல்லி மீது எனக்கே சந்தேகம் வருகிறது. சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் அக்காதான் முதல். அந்தச் சொல்லை எழுதும்போது பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியதோ? நேர்மைக்குள்ளும் ஏதோ ஒளிந்திருந்ததோ? இந்தப் பத்தியை மூன்று முறை அடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: இந்த விதை வேண்டாம். அறுவடைக் கழிவை ஆழமாக உழுது புதை. ஒரு போகம் மக்காச்சோளம் போடு. பிறகு சுத்தமான விதை வாங்கி, பூஞ்சைக்கொல்லி கலந்து விதை. காய் காய்ந்ததும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் அறு.

வாங்கிக்கொண்டு போனவள் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. விளைச்சல் மொத்தமும் எண்ணெய் ஆலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

4

இரண்டு வருடம் கழித்து அவள் நிலத்து விதை வேறொருவர் கையில் பரிசோதனைக்கு வந்தது. ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றுக்கு நாலு. நம்பாமல் மறுபடி எண்ணினேன், அதே நாலு. நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

அறிக்கையை வாங்க அக்காவே வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்— (இல்லை. கட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.)

உட்காராமல் நின்றபடியே, "எங்க, அந்தக் கருமத்தைக் காட்டு" என்றாள்.

பஞ்சு பூத்த விதைகளில் ஒன்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்தேன். குனிந்தாள். பனி நூல் போன்ற வெள்ளைக்கு நடுவே பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகள். வெகுநேரம் தலை தூக்கவில்லை.

"அழகாத்தான்டி இருக்கு, பாவி" என்றாள்.

பாவி என்றது பூஞ்சையையா, என்னையா? அன்று கேட்கவில்லை. இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் என்னை மன்னித்துவிட்டாள்; மற்றதில் இன்னும் இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் குரலை நீங்கள் கேட்டதில்லைதான்; ஆனாலும் கூடப்பிறந்தவள் ஒருத்தி உங்களுக்கு இருந்தால், எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.