எந்த லயம்?

ரூபினி முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு நூற்று நாற்பது பக்கம். பினாங்கில் இந்தியர்களுக்கு வீடு வாடகைக்கு விட ஏன் மறுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். முப்பத்தொரு பேரைப் பார்த்துப் பேசி, ஆளுக்கொரு படிவம் நிரப்பினாள். மறுக்கப்பட்டவர் யார், மறுத்தவர் யார், அவர் இனம் என்ன, சொன்ன காரணம் என்ன. காரணக் கட்டத்தில் அடிக்கடி வந்த பதில், 'மகன் திரும்பி வரப்போகிறான்.' பதினான்கு பேரிடம் இதையே சொல்லியிருந்தார்கள். அத்தனை மகன்களும் ஒரே நேரத்தில் திரும்பினால் தீவு தாங்காது என்று அவள் கருத்தரங்கில் சொன்னபோது பேராசிரியர்களே சிரித்தார்கள்.

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள். அப்பா ஜெயராஜ் லாரி ஓட்டுகிறார். அம்மா வள்ளியம்மா ஆயர் ஈத்தாம் சந்தையில் பூ விற்கிறாள். "ஊருக்கெல்லாம் நியாயம் கேக்குறா, குளிச்ச துண்டை மட்டும் காயப்போட மாட்டா" என்பது மகளின் படிப்பைப் பற்றி அம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்வது.

அண்ணன் தனேஷ் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பெண்டாட்டி பிள்ளையோடு போய்விட்டான். அடுக்குமாடி வீட்டில் அவன் அறை காலியாகக் கிடந்தது. வாடகைக்கு விடலாம் என்றாள் அம்மா. விளம்பரத்தை ரூபினிதான் எழுதி இணையத்தில் போட்டாள். கடைசி வரி, 'எந்த இனத்தவரும் வரலாம்.' போட்ட கையோடு சுபாஷினியைக் கூப்பிட்டாள்.

சுபாஷினி நர்ஸ். ஆய்வேட்டில் ஏழாம் நபர். ஒன்பது வீட்டுக்காரர்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது தோழி வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், மாதக் கடைசிக்குள் அங்கிருந்தும் கிளம்ப வேண்டும்.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா. இங்க யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள் ரூபினி.

ஞாயிற்றுக்கிழமை சுபாஷினி வந்தபோது அம்மா வாசலுக்கே போய்விட்டாள்.

"உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்கே. நர்ஸாமே நீ? நல்லதாப் போச்சு லா, இவங்கப்பாவுக்கு பிரஷர், சொன்னா மாத்திரை போட மாட்டாரு. நீ மிரட்டு."

மைலோ கலந்து கொடுத்தாள். அறையைக் காட்டினாள். சுபாஷினி ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தாள், மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"பிடிச்சிருக்கு, ஆன்ட்டி."

"அப்பாம்மாவெல்லாம் எங்க?"

"கூலிம்ல. தாத்தா காலத்துல அங்க ரப்பர் தோட்டத்துல இருந்தாங்க." தோட்டத்தின் பெயரையும் சொன்னாள்.

"அடடே, எங்கம்மா அங்கதானே பொறந்தாங்க! தாத்தா எந்த லயம்?"

தோட்டத்தில் சாதிக்கு ஒரு வரிசையாக வீடுகள் இருந்தன. அந்த வரிசைதான் லயம். தோட்டத்தை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. வரிசை போய்விட்டது, கேள்வி போகவில்லை. கல்யாண வீடுகளில் அம்மா இதைக் கேட்டு ரூபினி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பழைய கதை பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஆய்வேட்டில் லயத்தைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு உண்டு. நான்கு வரி.

சுபாஷினி குவளையைக் கீழே வைத்தாள்.

"கடைசி லயம், ஆன்ட்டி. ஆத்தோரம்." குரலைத் தாழ்த்தவில்லை.

"ஓ" என்றாள் அம்மா. "குடிங்க, மைலோ ஆறிடும்."

அதுவரை 'நீ' என்று இருந்தவள் 'நீங்க' ஆகிவிட்டாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள் அம்மா. பிறகு சொன்னாள்: "ஒண்ணு மறந்தே போச்சு பாருங்க. பையன் திரும்பி வரப்போறேன்னு சொல்லிக்கிட்டிருக்கான். கேட்டுட்டுச் சொல்றேனே?"

பதினைந்து.

சுபாஷினி ரூபினியைப் பார்த்தாள். ரூபினி மின்விசிறியைப் பார்த்தாள். நான்கு மேடைகளில் மைக் பிடித்துப் பேசியவளுக்கு அந்தக் கூடத்தில் வாய் வரவில்லை. லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டபிறகுதான் வந்தது.

"அண்ணன் வரானா?"

"கத்தாதே. நான் என்ன அடிச்சா விரட்டினேன்? மரியாதையாத்தானே சொன்னேன்?"

"சீன வீட்டுக்காரங்களும் மரியாதையாத்தான் சொல்றாங்க. என்கிட்ட பதிவே இருக்கு."

"அதுவும் இதுவும் ஒண்ணா? ஒரே அடுப்படி, ஒரே பாத்ரூம். சொந்தக்காரங்க வந்து போற வீடு."

"வெக்கமா இல்லையாம்மா?"

"எனக்கு இல்ல. நான் படிக்காதவ." அம்மா குவளையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீ படிச்சவளாச்சே, கோகிலனை ஏன் விட்டே?"

கோகிலன் அவளோடு படித்தவன். இரண்டு வருடப் பழக்கம். ஒருநாள் அம்மா கேட்டாள், எந்த லயமாம் அவங்க? ரூபினியும் விளையாட்டுப் போல அவனிடம் கேட்டு வந்து சொன்னாள். அடுத்த மாதம் அவனிடம், ஆய்வு வேலை அதிகம், இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.

"அது வேற" என்றாள் ரூபினி.

"என்ன வேற? அவன் வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீயாத்தானே விட்டே."

மூன்றாம் நாள் பூக்கட்டிக்கொண்டே அம்மா சொன்னாள், "அந்த நர்ஸை வரச்சொல்லித் தொலை. உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

ரூபினி உடனே கூப்பிட்டாள்.

"ரூம் கிடைச்சிடுச்சு லா" என்றாள் சுபாஷினி. "சூலியா தெருவுல, நூர் பீவின்னு ஒரு அம்மா, கடைக்கு மேல. 'மாட்டிறைச்சி சமைப்போம், வாசனை ஒத்துக்குமா'ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அக்கா, அம்மா சரின்னுட்டாங்க. நீங்க இங்கயே..."

"வேணாம் ரூபினி. டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்குத் தூங்கணும். உங்கம்மாவுக்குப் பாடம் நடத்த என்னால ஆகாது. உங்களுக்கும்தான். எனக்கு இன்னொரு ஃபாரம் நிரப்புவீங்களா? அதுல இனம்னு ஒரு கட்டம் இருக்குமே, என்ன போடுவீங்க?"

சாயங்காலம் ரூபினி காலி அறையில் உட்கார்ந்து இரண்டு படிவம் எடுத்தாள். முதலாவதில், மறுக்கப்பட்டவர்: சுபாஷினி. மறுத்தவர்: வள்ளியம்மா. இனம்: இந்தியர். காரணம்: மகன் திரும்பி வரப்போகிறான்.

இரண்டாவதில், மறுக்கப்பட்டவர்: கோகிலன். மறுத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம்: ஆய்வு வேலை அதிகம்.

கூடத்தில் அம்மாவின் போன் அடித்தது. விளம்பரம் பார்த்து யாரோ. "ரூம் இருக்கும்மா, இருக்கு. தமிழா? சந்தோஷம். அப்பாம்மாவுக்கு எந்தப் பக்கம்?"

ரூபினி பேனாவை மூடாமலே எழுந்து போய், அம்மா கையிலிருந்து போனை வாங்கினாள்.