இயோனின் குளியல் தண்ணீர்

பிந்திலியே குழாயைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்ததே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மனைவி காதில் விழுந்திருக்கக் கூடாதே என்று மெல்ல மூடி, மெல்லத் திறந்து பார்த்தான். அதே கதைதான்.

"வரலையா?" தொட்டில் பக்கமிருந்து சம்பீரா கேட்டாள்.

"வரும், வரும். குளிருக்குக் கொஞ்சம் சோம்பல் படுது."

"தண்ணிக்கா, உங்களுக்கா?"

வடக்கு ருமேனியாவில் திருமுழுக்குத் திருநாளை ஒட்டி வரும் குளிர் யாருக்கும் தயவு பார்க்காது. இந்த வருஷம் அது பாதிரியாரின் தாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. திருநாளன்று அவர் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது தாடி விறைத்துப் போய் துடைப்பம் மாதிரி நின்றது. மறுநாள் அதே தாடியோடுதான் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து இயோன் என்று பெயர் வைத்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஊர் முழுக்க நம்பிக்கையை விட்ட பிறகு பிறந்த குழந்தை.

ஞானஸ்நானத்துக்கு மறுநாள் ஞானத்தாய் வந்து குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். பூசிய திருத்தைலம் அந்தத் தண்ணீரோடுதான் உடம்பைவிட்டு இறங்கும். அந்த மறுநாள் இன்றைக்கு. மதியத்துக்குள் ஞானத்தாய் வர்வாரா அக்கா வந்துவிடுவாள். அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த கறி உருண்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. எல்லாம் தயார், தண்ணீரைத் தவிர.

வேலிக்கு அந்தப் பக்கம் கத்ரீனா அக்காவின் தலை தெரிந்தது. நல்லவள்தான், வாயை மட்டும் எங்காவது அடகு வைத்தால் தேவலை.

"என்ன சம்பீரா, மெஷின் கிணறு மண்டையைப் போட்டிருச்சா? எங்க வீட்டு ராட்டினக் கிணறு பாரு, குளிராவது மண்ணாவது! வாளியை எடுத்துட்டு வா. உனக்கு வழி தெரியாததா?"

கடைசி வாக்கியம்தான் சுட்டது. சம்பீராவுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். புகுந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து போன இலையுதிர்காலம் வரை அந்த வேலியோரப் பாதையில்தான் தண்ணீர் சுமந்தாள். வயிற்றில் இயோன் இருந்தபோதும் சுமந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பிந்திலியே மரவாடியில் இரண்டு ஷிப்ட் பார்த்து, முற்றத்தில் போர் போட்டு, பம்பு வைத்தான்.

"ரொம்ப நன்றி அக்கா, இப்ப வந்திடும்" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

"இதோ பாருங்க, சமையலுக்கு வேணும்னா நானே போய் அவங்ககிட்ட கேக்கறேன். ஆனா என் பிள்ளையோட குளியலுக்கு மாட்டேன். இந்த வீட்டுல எல்லாமே இரவல் தண்ணியில நடந்திருக்கு, நம்ம கல்யாணச் சோறுகூட. இந்த ஒண்ணாவது நம்ம தண்ணியா இருக்கட்டும்." கண் கலங்கிவிட்டது. "நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலியே."

பிந்திலியே தொப்பியை மாட்டிக்கொண்டு பம்புக் கொட்டகைக்குப் போனான்.

கொட்டகை என்றால் நாய்க்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிய பலகைப் பெட்டி. சூட்டுக்காக உள்ளே இரவு பகலாக ஒரு குண்டு பல்பு எரியும், பம்பின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும். பார்த்தால் பல்பு உடைந்து கிடந்தது. குளிரில் வெடித்திருக்கும் என்று நினைத்து வேறு பல்பு போட்டான். கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றினான். ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. சுவிட்சைப் போட்டான். பம்பு உறுமவும் இல்லை, முனகவும் இல்லை.

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தே? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று பம்பிடம் கேட்டான். கேட்கும்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி துணியை நனைக்கப் போனான்.

இப்படி அவன் வெந்நீரும் துணியுமாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஞானப் பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். வர்வாரா அக்கா கையில் புதுத் துண்டும் சோப்பும். அவள் புருஷன் நிக்கனோர் மரவாடியில் மோட்டார் பார்ப்பவர். அன்றைக்கு அவர் இடுப்பில் சரிகை வார், தலையில் புதுக் குல்லா.

"டேய் பிந்திலியே, பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டியா, பம்பைக் குளிப்பாட்டக் கூப்பிட்டியா?"

"அண்ணே, மானம் போகுதுண்ணே. கொஞ்சம் பாருங்க."

நிக்கனோர் குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மெயினை அணைத்தார். அளவுமானி முள் பூஜ்யத்தில் கிடந்ததைப் பார்த்தார். "பம்புத் தொட்டியில அழுத்தமே இல்ல. அழுத்தம் குறைஞ்சா பம்பை எழுப்ப வேண்டியது இந்தப் பிரஷர் சுவிட்ச். இவனே தூங்கிட்டான்போல" என்று பக்கத்திலிருந்த சிறிய பெட்டியில் கை வைத்தார். மூடி கையோடு வந்துவிட்டது. திருகாணியை யாரும் முடுக்கியிருக்கவில்லை.

உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. கட்டியின் நடுவில் பச்சையாக ஓர் இலை.

நிக்கனோர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "திருநீற்றுப்பச்சை! தீர்த்தம் தெளிக்கிற இலையாச்சே! அடேய், சுவிட்சுக்கு யாருடா ஞானஸ்நானம் பண்ணினது?"

பிந்திலியேவின் காது சிவந்தது. உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நான்தான் அண்ணே. திருநாளன்னிக்குப் பாதிரியார் வீட்டுக்குள்ள மட்டும் தெளிச்சிட்டு, குளிருதுன்னு கொட்டகைப் பக்கமே வராம போயிட்டார். இவ இனிமே தண்ணி சுமக்கக் கூடாதேன்னு... இந்த மூடியைக் கழட்டி, பாட்டில்ல இருந்த தீர்த்தத்தைக் கொஞ்சம் ஊத்தினேன்."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் தாராளமா."

வர்வாரா வாயைப் பொத்திக்கொண்டாள். நிக்கனோர் கட்டியைத் திருப்பிப் பார்த்தார். "சரி. இலை எப்படி வந்துச்சு? பாட்டில்ல இலை இருந்துச்சா?"

இல்லை. பிந்திலியே யோசித்தான். தலையைத் திருப்பினான். கையில் குழந்தையோடு வாசலில் நின்ற சம்பீரா ப்ளம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில்லாத மரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

"சம்பீரா?"

"அன்னிக்குச் சாயங்காலம் நீங்க மாட்டுக்குத் தீனி போடப் போனப்ப..." என்று தொடங்கினாள். "பச்சிலைக் கொத்தால சும்மா தெளிச்சேன். பம்புக்கு ஒரு தடவை, குழாய்க்கு ஒரு தடவை, மூடி சரியா மூடாம இருந்த அந்தப் பெட்டிக்கு ஒரு தடவை. அப்புறம் பல்பு பட்டுன்னு வெடிச்சிருச்சு. பயந்து ஓடி வந்துட்டேன்."

"பல்பு போனதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க ரெண்டு ஷிப்ட் பார்த்து வாங்கினது. நான் கை வெச்சதும் கெட்டுப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

நிக்கனோர் பலகையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆக, புருஷன் நனைச்சான், பொண்டாட்டி கணப்பை அணைச்சா. உங்க பக்தியில இந்தப் பம்பு சொர்க்கத்துக்கே போயிருக்கும். ஆட்டுத்தோலு காப்பாத்திருச்சு. போய் ஹேர் டிரையரைக் கொண்டா."

சூடான காற்றில் கட்டி இளகிச் சொட்டியது. நிக்கனோர் சுவிட்சின் உள்ளே ஈரம் போகத் துடைத்து, அடியிலிருந்த சன்னக் குழாய்க்கும் காற்றைக் காட்டி, மூடியைத் திருகாணி போட்டு முடுக்கினார். மெயினைப் போட்டதும் பம்பு ஒரு முறை குலுங்கி உறுமியது. சமையலறையில் குழாய் இருமியது, துப்பியது, கலங்கலாகக் கொஞ்சம் ஊற்றியது, அப்புறம் தெளிந்து ஓடியது. சம்பீரா அதன் கீழே கையை நீட்டினாள். தண்ணீர் பனியாய்ச் சுட்டும் கையை இழுக்கவே இல்லை.

தண்ணீரைச் சுட வைத்துத் தொட்டியில் ஊற்றினார்கள். குளியலில் பச்சிலை போடுவது வழக்கம். புதுக் கொத்து தயாராக இருந்தும், சுவிட்சிலிருந்து எடுத்த இலையைத்தான் வர்வாரா முதலில் மிதக்கவிட்டாள். இயோன் ஒரு மூச்சு அழுதுவிட்டு, தண்ணீர் இதமாக இருக்கவே வாயைத் திறந்தபடி கிடந்தான். "பாடு படுத்திட்டுப் பாரு, ராஜா மாதிரி இருக்கறதை" என்றாள் கத்ரீனா. அவளை வேலிக்குப் போய்ச் சம்பீராவே கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

குளித்த தண்ணீரைக் காய்க்கிற மரத்தடியில் ஊற்ற வேண்டும். சம்பீரா தொட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். கொட்டகையருகே வந்ததும் கால் தயங்கியது. கண் ஒரு முறை அந்தப் பக்கம் போனது.

பிந்திலியே ஒரே தாவாகத் தாவிக் கொட்டகைக் கதவை மறைத்து நின்றான். "மரத்துக்கு மட்டும், தாயே! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

சிரிப்பில் தண்ணீர் தளும்பி அவள் பாவாடையை நனைத்தது. அவன் வந்து தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாக மரத்தடிக்கு நடந்தார்கள்.

"கனமா இருக்கா?" என்று கேட்டான்.

"கனம்தான்" என்றாள் சம்பீரா. "ஆனா இத்தனை வருஷமா தண்ணியை வீட்டுக்குள்ள சுமந்தேன். இன்னிக்குத்தான் வெளியே சுமக்கறேன்."