பாரம் இறங்கும் வரை

சரீபா பழைய சாரன் துணியின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் இடக்கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய முடிவு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அந்தக் கை ஓயவேயில்லை. எழும்பும், காற்றில் எதையோ அளையும், பிறகு நெஞ்சுக்கு வந்து எதையோ தேடும். ஒன்றும் கிடைக்காமல் வழுகிப் பாயில் விழும். விழுந்தது திரும்ப எழும்பும்.

"கட்ட வேணாம் மதினி" என்றாள் தம்பியின் பெண்சாதி சுபைறா.

"மௌத்தாப் போற மனிசன் காத்தோட மல்லுக்கட்டினா றூஹு எப்படி லேசாப் பிரியும்? அதுவும் இடக்கையால. கட்டிப் போட்டா மனசு கலிமாவுல நிக்கும்."

"அப்ப என்ட கையையும் சேத்துக் கட்டுங்க."

சரீபா கிழித்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலில் கிடப்பவன் அவளுடைய தம்பி என்றாலும் வீடு சுபைறாவின் வீடு.

சீனிமுகம்மதுவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாக வாரிக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் ஓத வேண்டியதை ஓதுங்கள் என்றார்கள். பள்ளிவாசல் லெப்பை வந்து யாசீன் ஓதிவிட்டுப் போயிருந்தார். மகள் சுல்பிகா தேக்கரண்டியில் மக்கத்துச் சம்சம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வாப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

சுபைறாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். அவர் போவதற்குள் தெரிய வேண்டும்.

கலியாணம் முடித்ததிலிருந்து பாதிக் காலத்துக்கு மேல் அவர் கடலில் கிடந்தார். வளைகுடாவில் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலை. கிரேன் பாரத்தைத் தூக்கும்போது கீழே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுகிறவர். லீவில் வந்தால் முதல் கிழமை நித்திரை. கதை கூடிவரும்போது லீவு முடிந்திருக்கும். இந்தக் கரையில் கடல் ஏறி வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போன அன்றும் அவர் வேறொரு கடலில்தான் இருந்தார். டெலிபோனில், "நீ இரிக்கியா? புள்ள இரிக்காளா?" என்று கேட்டார். ஓம் என்றாள். அதற்குப் பிறகு கப்பல் எஞ்சின்தான் இரைந்தது. அவளும் வைக்க மனமில்லாமல் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரேயடியாக வந்த பிறகு எல்லாவற்றையும் கதைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். போன நோன்புக்கு வந்தார். வயலை மூடிக் கட்டிய இந்த வீட்டுத்திட்டத்தில் கடல் கேட்கவில்லை என்று புரண்டு புரண்டு கிடந்தார். மெல்ல மெல்ல வாய் திறந்து கதைக்கத் தொடங்கிய மனிசனுக்கு வாய் போய்விட்டது.

கையின் போக்கை அவள் ஒரு தடவை கண்டிருக்கிறாள். வீட்டுக்குக் கல் இறக்க வந்த லொறிக்காரனுக்கு ஒழுங்கையில் நின்று இப்படித்தான் காட்டினார். கப்பல் கை அது. அதனால்தான் காலையிலேயே மருமகன் அஸ்பாக்கைக் காரைதீவுக்கு அனுப்பி, கதிர்காமத்தம்பியைக் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். வளைகுடாவில் கூட வேலை செய்தவர் என்று புருசன் வாயில் அடிக்கடி வந்த பெயர் அது ஒன்றுதான்.

இவர்கள் இருக்கும் சாய்ந்தமருதுக்குப் பக்கத்துத் தமிழ் ஊர்தான் காரைதீவு. ஆனாலும் கதிர்காமத்தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. சண்டைக் காலத்தில் அந்தக் கொஞ்ச நிலம் வளைகுடாவைவிடத் தூரமாகக் கிடந்தது. சண்டை ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சோதனைச் சாவடியில் இன்னும் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

மோட்டர் சைக்கிளில் இருந்து இறங்கிய மனிசர் முற்றத்தில் நின்றிருந்த ஆண்களைக் கண்டதும் நெற்றித் திருநீற்றை அழிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"கிடக்கட்டும் அண்ணன், உள்ளுக்கு வாங்க" என்றாள் சுபைறா.

அவர் கட்டிலண்டை வந்து, "சீனி" என்று கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. கை எழும்பியது. விரல் கீழே பார்த்தபடி சின்ன வட்டம் போட்டது. கதிர்காமத்தம்பி குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"இறக்கச் சொல்றான், தங்கச்சி. மெல்ல மெல்ல இறக்கச் சொல்றான்."

"என்னத்த?"

"பாரத்த. கிரேன்ல ஏதோ தொங்குது."

சுல்பிகாவின் தேக்கரண்டி கோப்பையில் முட்டியது.

"எனக்கு ஒண்டும் சொல்லல்லையா?"

கதிர்காமத்தம்பி கட்டில் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "பொய் சொல்ல ஏலாது தங்கச்சி. இது கிரேன்காரனுக்கு."

சுபைறா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். போகச் சொன்னால் போய்விடுகிறவர் போல அவர் நின்றார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். முந்தி ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு கைச்சைகையாம். ஒரு கப்பலில் இறக்கு என்பது இன்னொரு கப்பலில் வேறொன்றாம். அப்படியொரு குழப்பத்தில் கதிர்காமத்தம்பியின் கப்பல் பொடியன் ஒருவன் இரும்புப் பெட்டிக்கும் கப்பல் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் போனான். ஒப்பந்தத்துக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த கம்பனிகள் அதற்குப் பிறகுதான் ஒரே மேசையில் குந்தி, எல்லாருக்கும் ஒரே சைகை என்று முடிவெடுத்தன. எல்லாக் கப்பல் ஆட்களையும் ஒரே கொட்டிலுக்குள் நிறுத்திப் பழக்கினார்கள். சீனியை அங்கேதான் கண்டாராம்.

"ஆள் குறைஞ்சா இந்தக் கப்பல் ஆள அந்தக் கப்பலுக்கு அனுப்புவாங்க. ஊருல நாம முகம் பாக்காத காலம் அது. அங்க இவன்ட கைய நம்பித்தான் நான் கொக்கியில கை வெச்சன்."

சரீபா முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். "அது சரி. இப்ப ஏன் அது அவன விடுதில்ல?"

"பாரம் தொங்குறப்போ கைகாட்டுற ஆள் இடத்த விட்டு அசையக் கூடாது அக்கா. கப்பல் தட்டுல வெச்சு, வேலை முடிஞ்சுது எண்டு காட்டினாத்தான் போகலாம்."

"முடிஞ்சுது எண்டு எப்படிக் காட்டுற?" என்றாள் சுபைறா.

கதிர்காமத்தம்பி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக் காட்டினார்.

எல்லாருடைய கண்ணும் கட்டிலுக்குப் போனது. இடக்கை நெஞ்சுக்கு வந்தது, தேடியது, வழுகி விழுந்தது. வலக்கை போர்வைக்குள் கட்டை போலக் கிடந்தது.

சரீபாதான் முந்திக்கொண்டாள். தம்பியின் வலக்கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தாள். இடக்கை அதைத் தொட்டது, பிடித்துப் பார்த்தது. செத்த விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை. இடக்கை அதை விட்டுவிட்டு மறுபடி காற்றுக்கு எழும்பியது.

"ஆராவது பிடிக்கணும் போல" என்றார் கதிர்காமத்தம்பி, யாரையும் பார்க்காமல். சொல்லிவிட்டு வெளியே போனார்.

சுபைறா கட்டிலில் ஏறிப் புருசனுக்கு வலப்பக்கத்தில், அவருடைய அந்தக் கை இருக்க வேண்டிய இடத்தில், ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த தடவை கை நெஞ்சுக்கு வந்தபோது அவளுடைய கை அங்கே இருந்தது. விரல்கள் அதை இறுக்கின. அவளும் இறுக்கினாள். கயிறு தின்ற உள்ளங்கை. காய்ப்பு மேடுகளும் நடுவில் ஒரு நீளத் தழும்பும் அவளுடைய தோலில் உராய்ந்தன. இப்படியொரு தழும்பு இருப்பது அவளுக்குத் தெரியாது. எந்தக் கப்பலில், எந்த வருசத்தில் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

கை எழும்பவில்லை. மூச்சு நீண்டது. சரீபா குனிந்து காதருகே கலிமாவைச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொண்டே ஒரு கையால் சுபைறாவின் முதுகைத் தடவினாள். ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் தூரம் கூடிக்கூடி, பிறகு மறு மூச்சு வரவில்லை.

சுல்பிகா வாப்பாவின் பாதி திறந்த கண்களை மூடிவிட்டாள். முற்றத்தில் ஆண்களின் குரல் தாழ்ந்தது. குழி வெட்டக் கபுறடிக்கு ஆள் அனுப்பினார்கள். சந்தூக்குக்குத் தோள் கொடுக்கத் தானும் நிற்கலாமா என்று கதிர்காமத்தம்பி அஸ்பாக்கிடம் கேட்பதும், "நில்லுங்க மாமா" என்று அவன் சொல்வதும் சன்னலால் கேட்டது.

"கைய விடு சுபைறா" என்றாள் சரீபா. "விறைக்க முந்தி நேராக்கணும்."

"ஓம் மதினி."

வெளியே குளிப்பாட்டுவதற்குப் பெரிய அண்டாவை வைத்துக் குழாயைத் திறந்தார்கள். வெறும் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் உரக்கக் கேட்டது. நிறைய நிறைய அது தணிந்து வந்தது. அண்டா நிறைந்து மண்ணில் வழியத் தொடங்கி, யாரோ ஓடிவந்து குழாயை மூடும் வரைக்கும் சுபைறா அவர் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.