யாரும் பரிமாறாத பலகை

காய் நறுக்கும் கத்தியால் மாதவி ஒரு பலகைமேல் சீஸை வெட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அம்மா அலறினாள்.

"ஏண்டி, அது மணைடி! உன் கல்யாணத்துல மாப்பிள்ளை உக்காந்த மணை!"

மாதவி கத்தியைக் கீழே வைத்தாள். வங்காளத்து லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளியில் நன்றாகச் சண்டை போடத் தெரியும். பரணில் வழவழவென்று ஒரு பலகை கிடந்தது, தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குள் பண்டேல் சீஸ் வில்லைகள், காலிம்போங் சீஸ், கறுப்புச் சாக்லேட், டார்ஜிலிங் ஆரஞ்சுச் சுளை, வால்நட், பிஸ்கட் என்று முக்கால்வாசி சாமான் அதன்மேல் குடியேறிவிட்டது.

உள்ளறையில் அப்பா சிரித்தார். சிரிப்பு என்று எங்கே சொல்வது, மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது. "இருக்கட்டும் ஜகதா. மாப்பிள்ளை இனிமே அதுல உக்காரப் போறதில்லே."

அப்பா சீதாராமனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, பிடித்ததைக் கொடுங்கள் என்றார் டாக்டர். பிடித்தது எதுவும் தொண்டையில் இறங்கவில்லை என்பது ஒரு சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம் அம்மா ஜகதாம்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். பாங்கில் ஆடிட் என்று அவர் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் வயிறு காயக் காத்திருப்பாள். இப்போது அவர் சாப்பிடுவதில்லை, ஆகவே அவளும் சாப்பிடுவதில்லை. காபி மட்டும் உண்டு, அதுவும் அவர் உதட்டை நனைத்துக்கொண்டால்தான்.

நேற்று தலைசுற்றி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவோடு அம்மாவும் போய்விடுவாளோ என்று மாதவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கெஞ்சினாள், கத்தினாள், அழுதும் பார்த்தாள். "பழக்கமில்லேடி" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

இந்தப் பலகை அப்பாவின் யோசனை. ஆபீஸ் தோழி ஒருத்தி கிறிஸ்துமஸுக்குத் தின்பண்டம் அடுக்கி வைத்த பலகையின் படத்தை மாதவி போனில் காட்டியிருந்தாள்.

"இதை யாரு பரிமாறுவா?" என்று கேட்டார்.

"யாரும் பரிமாற மாட்டாப்பா. நடுவுல வெச்சுட்டு, எல்லாரும் சுத்தி உக்காந்து ஒரே சமயத்துல எடுத்துப்பா."

அவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். "நம்மாத்துலயும் ஒண்ணு பண்ணேன். குடிக்கச் சூடா கோகோவும்."

வாய் ருசிக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்து மாதவி நியூ மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே கட்டிலருகே ஸ்டூல் போட்டுப் பலகையை வைத்தாயிற்று. மாதவியும் அவள் கணவன் சிவராமும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கோகோ நன்றாகக் கொதித்து மணத்தது. அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜகதா, வா, உக்காரு."

"நீங்க சாப்டுங்கோ. நான் அப்பறமா எடுத்துக்கறேன்."

"இதுல அப்பறமே கிடையாது. அதான் இதோட சட்டம். வேணும்னா உன் பொண்ணைக் கேளு."

மாதவிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா இதில் ஒரு துணுக்கைக்கூடத் தின்னப் போவதில்லை. பாவி மனுஷன், படுத்த படுக்கையில் கிடந்தபடி அம்மாவைச் சாப்பிட வைக்க வழி தேடியிருக்கிறார்.

"ஆமாம்மா. எல்லாரும் சேர்ந்துதான் எடுக்கணும்" என்றாள் அவசரமாக.

அம்மா கட்டில் ஓரத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். பண்டேல் சீஸிடம் மூக்கைக் கொண்டுபோய், "ராமா, என்ன நாத்தம்!" என்றாள். பிறகு ஒரு சாக்லேட் துண்டை எடுத்தாள். வாயில் போடவில்லை. விரலில் அது இளக ஆரம்பித்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தார். மாதவி அடியில் தாங்கினாள். உதட்டில் வைத்து, கண்ணை மூடினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"அமிர்தம்" என்றார்.

அம்மா சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு பிஸ்கட். அப்புறம், முகத்தைச் சுளித்தபடியே, கொஞ்சம் காலிம்போங் சீஸ். தன் கோகோவை மிச்சம் வைக்காமல் குடித்தாள். பசித்தவள் சாப்பிடுவதை அப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படியொரு நிறைவை மாதவி பார்த்ததே இல்லை.

அவர் கோப்பையை மாதவிதான் உள்ளே எடுத்துப் போனாள். ஊற்றினது ஊற்றினபடி இருந்தது. மேலே படிந்த ஆடைகூடக் கலையவில்லை. அம்மா வருவதற்குள் தொட்டியில் கொட்டிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அப்பா போய்விட்டார். தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை தகனம் முடிந்தது. கேவ்ராதலா சுடுகாட்டிலிருந்து சிவராமும் மற்றவர்களும் திரும்பி வந்து குளித்தார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கீழ் ஃப்ளாட் விஜயலக்ஷ்மி மாமி சாதமும் ரசமும் கொண்டுவந்து இலை போட்டாள். யாரும் உட்காரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி யார் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இவள் காத்திருப்பாள்? மாதவிக்குப் பழைய பயம் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

அருகில் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அப்பா பசியோட போகலேம்மா. கோகோ குடிச்சுட்டுத்தான் போனார்."

"எங்கேடி குடிச்சார்?" அம்மாவின் குரல் கம்மியிருந்தது. "ஒரு சொட்டு உள்ள இறங்கலே. நான்தான் பாத்துண்டே இருந்தேனே."

"தெரிஞ்சுண்டேவாம்மா சாப்ட்டே?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தாள். சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமி, கொஞ்சம் உப்புப் போடுங்கோ."