மடக்கிய கை

பொன்னுத்தாயின் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு மூன்றாம் வருஷ நர்சிங் மாணவி தையல்நாயகி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்ற ஊசி போட வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய டியூட்டர் செம்மொழி இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே மடக்கிக் கக்கத்துக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். படுத்திருப்பது அவளைப் பெற்றவள். அந்தக் கையில் நரம்பு எங்கே இருக்கிறது என்று செம்மொழி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கமாகச் சற்றுத் தள்ளி. இரண்டு வருஷமாக அம்மாவுக்கு ஊசி என்றால் அவள்தான்.

கையை மடக்கச் சொல்லிக்கொடுத்தது சபிஹா. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். சபிஹா படிப்பை முடித்ததும் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டாள். செம்மொழி ஏழு வருஷம் வார்டில் வேலை பார்த்துக் கைராசிக்காரி என்று பேர் வாங்கினாள். ஜூன் மாதம் அவளும் அதே கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தபோது அந்தக் கைராசிதான் எமனாக வந்தது. மாணவியின் விரல் லேசாக நடுங்கினால் போதும், வெடுக்கென்று ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுவிடுவாள். வேலை கச்சிதமாக முடியும். பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் வராது. கைப்பக்குவம் உள்ளவள் அடுத்தவளை அடுப்படியில் விட்டதாகச் சரித்திரம் உண்டா?

ரியாத், துபாய், அயர்லாந்து என்று தஞ்சாவூர் நர்சுகள் பறந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பாடம் நடத்த வந்தவர்களும் விசா வந்தால் மறுநாள் இருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவளிடம் சாக்பீஸைக் கொடுத்து வகுப்பைக் காட்டிவிடுவதோடு சரி, எப்படி நடத்துவது என்று சொல்ல நாதியில்லை. சபிஹா மட்டும்தான் இரண்டு மாதம் தன் இடைவேளையை விட்டுவிட்டு அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். செம்மொழி வேகமாகப் போனால் பேனாவால் பெஞ்சைத் தட்டுவாள். தடுமாறினால், சொல்லு சொல்லு என்பதுபோலத் தலையாட்டுவாள். வார்டுக்கும் கூடவே வந்தாள்.

"ஒனக்குக் கைதான்டி பிரச்சின. மடக்கிக் கக்கத்துல வச்சுக்க. ரெண்டு தடவ அவங்க போடட்டும். மூணாவதுதான் நீ."

"வலிக்குமேடி அவங்களுக்கு."

"வலிக்கும்தான். நீ மட்டும் தலகாணியில குத்தியா கத்துக்கிட்ட?"

போன வெள்ளிக்கிழமை சபிஹாவும் புருஷனோடு இருக்க ஷார்ஜாவுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை, கிட்னி கெட்டுக் கால் வீங்கிய பொன்னுத்தாயைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செம்மொழி மாணவிகளை அழைத்து வரும் அதே வார்டு. அன்றைக்கு அந்தக் கட்டில் தையல்நாயகியின் பங்கில் வந்தது.

செம்மொழி நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். ஆனால் தையல்நாயகி முந்தின வாரம் இரண்டு நோயாளிகளிடம் தவறிவிட்டு, "எனக்கு வராது மேடம், ஊருக்கே போயிடறேன்" என்று அழுதிருந்தாள். செம்மொழியைப் போலவே, வயல்வேலை செய்யும் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவள். ஊர் திருவாரூருக்குப் பக்கம். "ஒங்கிட்டேருந்து நான் ஊசியப் பிடுங்க மாட்டேன், போதுமா?" என்று வாக்குக் கொடுத்திருந்தாள் செம்மொழி.

முதல் முறை தவறியது. குத்திய இடம் குபுக்கென்று வீங்கியது.

"நீ போடு தாயி," என்றாள் அம்மா. "ஒங் கைதான் வலிக்காது."

தையல்நாயகி சட்டென்று விலகி நின்று டியூட்டரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. செம்மொழியின் விரல்கள் கக்கத்துக்குள் துடித்தன.

"நீயே போடும்மா. இன்னொரு தடவ," என்றாள் தையல்நாயகியிடம்.

பொன்னுத்தாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த மடக்கிய கைகளை. அப்படி நிற்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் மாமனாரும், புருஷன் சாமிதுரையும் பண்ணையார் வாசலில் அப்படித்தான் நின்றார்கள். மகள் நிற்கக் கூடாது என்றுதான் இடுப்பொடிய நாற்று நட்டுப் படிக்க வைத்தாள்.

"யாரு முன்னாடி இப்புடிக் கை கட்டி நிக்கிற?"

"அப்பறம் சொல்றேம்மா."

இரண்டாம் முறை நரம்பு கிடைத்து ஊசிக்குள் ரத்தம் ஏறியது. தையல்நாயகி மூச்சை விட்டாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் செம்மொழி பிள்ளைகளைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. போகும்போது எட்டிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. பஸ்ஸில் தையல்நாயகி பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து, எப்படி நரம்பு கிடைத்தது என்று காட்டிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் செம்மொழி. யார் முன்னாடியும் இல்லம்மா, அந்தப் பிள்ளைக்காகத்தான் கட்டினேன். சொன்னால் அம்மாவுக்குப் புரியும். ஒருவேளை சிரிக்கக்கூடச் செய்வாள்.

மூன்று மணிக்கு வார்டிலிருந்து போன் வந்தது. ஆட்டோ பிடித்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிட்னி போனவர்களுக்கு இதயம் திடீரென்று நின்றுவிடும், வகுப்பில் அவளே நடத்திய பாடம்தான். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அம்மா கடைசியாக ஒன்று கேட்டாள், செய்யவில்லை. இன்னொன்று கேட்டாள், அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஊசியை எடுக்க டியூட்டி நர்ஸ் வந்தாள்.

"நான் எடுக்கறேன்," என்றாள் செம்மொழி.

ஊசியின் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் தேதி, பத்து இருபது என்று நேரம், தையல்நாயகியின் கையெழுத்து. கரும்பலகையில் எழுதிக் காட்டியபடியே முத்துமுத்தாக எழுதியிருந்தாள். பிளாஸ்டரை ஓரத்திலிருந்து தோல் இழுபடாமல் பிரித்தாள். ஊசியை உருவினாள். பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்கும்வரை விடக் கூடாது என்பது அவள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு.

"மேடம்," என்றாள் நர்ஸ் மெல்ல. "போதும் மேடம்."

அவள் விடவில்லை. விரலுக்கடியில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.